பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கி மூன்று வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 1.0-லிருந்து 1.2 ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகத்தில் இருக்கும் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். டெல்மிசார்டன், லோசார்டன், எனாலப்ரில், ராமிப்ரில் எல்லாம் வெளியேறும் குழாயை விரிக்கும். உள்ளழுத்தம் இறங்கும், வடிகட்டும் வேகமும் சற்றுக் குறையும். அதனால்தான் கிரியாட்டினின் ஏறுகிறது. 30 சதவீதத்துக்குள் ஏறி நின்றுவிட்டால் பொதுவாக மருந்தைத் தொடர்வோம். அப்பாவுக்கு ஏறியது 20 சதவீதம். ரிப்போர்ட்டை அவருடைய டாக்டரிடம் காட்டுங்கள், இந்த மாத்திரைகள் ரத்தத்தில் பொட்டாசியத்தையும் ஏற்றலாம் என்பதால் அதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். 5.5-க்கு மேல் போனால் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். கிட்னி போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பலர் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்கள்தான். பழி மாத்திரைமேல் விழுகிறது; பல நேரம் கெடுத்தது கட்டுக்குள் வராத பிரஷர். சிறுநீரில் ஆல்புமின் (ஒரு வகைப் புரதம்)–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். 30 mg/g-ஐத் தாண்டினால் புரதம் கசிகிறது என்று அர்த்தம், கிரியாட்டினின் நார்மலாக இருந்தாலும்கூட. அந்தக் கசிவைக் குறைப்பதும் மேலே சொன்ன மாத்திரைகள்தான்.

கேள்வி: மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறேன். டெல்மிசார்டனோடு நீர் மாத்திரையும் உண்டு. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு உண்மையில் பயம் தருவது இந்தக் கூட்டணிதான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்டன் வெளியேறும் குழாயை ஏற்கெனவே விரித்திருக்கிறது, நீர் மாத்திரை உடம்பு நீரையும் குறைத்திருக்கிறது. அப்புறம் வடிகட்ட அழுத்தம் எங்கிருந்து வரும்? நல்ல சிறுநீரகம்கூடச் சில நாளில் மடங்கலாம். வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாந்தி, பேதி வந்தால் பிரஷர் மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை போட்டதிலிருந்து கணுக்கால் வீங்குகிறது. கிட்னியா?

பதில்: பெரும்பாலும் மாத்திரையின் பக்கவிளைவுதான். முகமும் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால் பரிசோதனை அவசியம்.

கேள்வி: சோடியம் குறைந்த உப்புக்கு மாறிவிட்டோம். சரிதானே?

பதில்: அந்தப் பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள்: பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ, டெல்மிசார்டன் வகை மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சாதாரண உப்பையே குறையுங்கள். ஊறுகாய், அப்பளத்திலிருந்து தொடங்கலாம்.