கொரோலா 100: ஐடில் இறங்கவில்லை, இசியூ வாங்கலாமா?

கேள்வி: என்னுடையது 1993 கொரோலா 100, 5ஏ-எஃப்இ எஞ்சின். நன்றாகச் சூடான பிறகும் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கீழே வரவில்லை. கராஜில் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) திருப்பி 900-க்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ஏற்றத்தில் இழுவை இல்லை, பெட்ரோலும் கூடக் குடிக்கிறது. பழைய இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) ஒன்று வாங்கிப் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், வவுனியா

பதில்: வேண்டாம், இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, பிந்த வைத்தால் எஞ்சினின் பலம் குறையும், ஐடிலும் இறங்கும். ஆனால் கூடுதல் காற்று போகும் வழி அப்படியேதான் இருக்கிறது. இழுவை போனதும் அதனால்தான்.

இந்த எஞ்சின் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மெனிஃபோல்டின் (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் கணிக்கிறது. எங்காவது வெளிக்காற்று உள்ளே ஒழுகினால் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விடும். எஞ்சின் திணறாமல் வேகமாகச் சுற்றும்.

முதலில் காசு செலவில்லாதவை. ஆக்சிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும், இருக்கிறதா? எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் குறைந்தால் எஞ்சின் சூட்டைப் பார்க்கும் சென்சருக்குச் சூடு எட்டாது. எஞ்சின் குளிராக இருக்கிறதென்று இசியூ ஐடிலைத் தூக்கிவிடும்.

அப்புறம் த்ரொட்டில் பொடியில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்ளே ஒரு தட்டு திறந்து காற்றை விடும் பாகம்) காற்றுக் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது தட்டுக்கு முன்னால் உள்ள சிறு துளையை விரலால் அடையுங்கள். ஐடில் சட்டென்று இறங்கினால் ஐடிலுக்குக் காற்று விடும் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் கரி படிந்துதான் சிக்கும். கிளீனர் அடித்துக் கழுவினாலே போதும், புதிது வாங்க அவசரப்பட வேண்டாம். இறங்காவிட்டால் ஒழுக்கு வேறெங்கோ. நான் முதலில் பார்ப்பது பிசிவி குழாயைத்தான் (எஞ்சினுக்குள் சேரும் புகையை மெனிஃபோல்டுக்குத் திருப்பும் குழாய்). முப்பது வருட ரப்பர் மேலே பார்க்க நன்றாக இருப்பதுபோலத் தெரியும். வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். மெனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்கு (பிரேக்கை மிதிக்க உதவும் பாகம்) போகும் குழாயையும் பார்க்காமல் விடாதீர்கள்.

ஐடில் 800 அளவுக்கு வந்த பிறகுதான் டைமிங். பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, டைமிங் லைட்டில் 10 டிகிரி காட்டும்படி டிஸ்ட்ரிபியூட்டரை வையுங்கள். கம்பி போடாமல் பார்த்தால் இசியூ தன் போக்கில் டைமிங்கை மாற்றிக்கொண்டே இருக்கும், அந்த அளவை நம்பவே முடியாது. உங்கள் கராஜில் கம்பி போட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சரிவராவிட்டால், அதே பாக எண் உள்ள இசியூவை உங்கள் காரில் மாட்டி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றம் தெரிந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.