எங்கள் பாட்டு தொடங்கினால் கைப்பேசியை எடுக்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 22 வயது. நண்பர்கள் நால்வர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக ஒரு பேண்ட் நடத்துகிறோம். நான் கிட்டார் வாசித்துப் பாடுகிறேன். கல்லூரி விழாக்களும் சிறிய மேடைகளும்தான் எங்களுக்குக் கிடைக்கின்றன. ஆறு பாடல்களை நாங்களே எழுதி மெட்டமைத்திருக்கிறோம். ஆனால் எங்கு போனாலும், இரண்டாவது பாட்டு முடிவதற்குள், ரீல்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றைப் பாடச் சொல்லிக் கூச்சல் கிளம்பிவிடுகிறது. போன மாதம் எங்கள் சொந்தப் பாட்டைத் தொடங்கியபோது முதல் வரிசையில் இருந்த ஒருவர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். படம் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பாட்டு முடியும்வரை அவர் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

இன்றைய பாடல்களை என்னால் கேட்கவே முடியவில்லை. எல்லாக் குரலும், சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருளில் இஸ்திரி போட்டது போல இருக்கிறது. சூடு பிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. ஏற்ற இறக்கமே இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சத்தம். இவற்றைக் கொண்டாடுகிறவர்களுக்காக எதற்கு வாசிக்க வேண்டும்? எங்கள் டிரம்மர், கிளிக் டிராக் (வேகம் மாறாமல் வாசிக்கக் காதில் டிக் டிக் என்று ஒலிக்கும் தாளக் கணக்கு) வைத்து வாசித்துப் பார்க்கலாம், இரண்டு புதுப் பாட்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றான். "நீயும் விலைபோய்விட்டாயா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்திவிட்டேன். அவன் குச்சிகளை உறைக்குள் போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடிவிட்டுக் கிளம்பினான். மூன்று வாரமாகப் பேச்சில்லை. இரவில் தூக்கம் வராமல், எங்கள் பாட்டை இணையத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பிடிவாதக்காரனா, இல்லை, ரசனைதான் கெட்டுப்போய்விட்டதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறருடைய பாடல்களின் குறைகளை இவ்வளவு துல்லியமாக எழுதிய நீங்கள், உங்களுடைய ஆறு பாடல்களில் ஒன்றாவது எதைப் பற்றியது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கோபம் வளர்ந்து வளர்ந்து, உங்கள் பாட்டுக்கு மனத்தில் இருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் சொல்லும் குறைகள் கற்பனை அல்ல. ஆட்டோ-டியூன் 1997-இல் சந்தைக்கு வந்த பிறகு, பிசகிய சுருதியைத் திருத்தும் கருவியாக இருந்தது குரலின் நிறமாகவே மாறிவிட்டது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடிகள் கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு என்பதால், கேட்பவரைத் தொடக்கத்திலேயே பிடித்துவைக்கும் அவசரம் பாட்டிலும் ஏறிவிடுகிறது. இருந்தாலும், 10 அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் சுழன்ற காலத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடங்களே கிடைத்தன என்பதையும், பாட்டுகள் அந்த அளவுக்குள் அடக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கருவியும் வணிகமும் பாட்டின் நீளத்தை முடிவு செய்வது புதிதல்ல. புதுப் பாட்டுகள் பலவற்றை நானும் விரும்பிக் கேட்பதில்லை. என் வயதில் அதற்கு மன்னிப்பு உண்டு. 22 வயதில் கொஞ்சம் சீக்கிரம்.

அந்த முதல் வரிசைக்காரரிடம் வருகிறேன், ஏனென்றால் உங்களைப் புண்படுத்தியது ஆட்டோ-டியூன் அல்ல, அவருடைய கட்டைவிரல். உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதாலேயே அதன் மீது விருப்பம் கூடுகிறது என்று காட்டியது. நீங்கள் அந்தப் பாட்டை எழுதும்போதும், திருத்தும்போதும், ஒத்திகையிலும் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? அவர் கேட்டது ஒரே முறை, அதுவும் பாதி. கூட்டம் கூவிக் கேட்கும் பாட்டோ, அவர் தேடாமலேயே நாள்தோறும் பலமுறை காதில் விழுந்தது. அவருக்கு ரசனை இல்லை என்று தீர்ப்பெழுத இந்த ஒரு மாலை போதாது. ஆறு பாடல்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அடுத்த சில மேடைகளிலும் விடாமல் வாசியுங்கள். தெரிந்த இரண்டு பாட்டுகளுக்கு நடுவே வையுங்கள். தொடங்கும் முன் அது எப்படிப் பிறந்தது என்று இரண்டு வரி சொல்லுங்கள். உங்கள் டிரம்மர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். மேடையை விட்டுக்கொடுக்கச் சொன்னதாக உங்கள் காதில் விழுந்தது; உங்கள் பாட்டைக் கேட்க ஆள் வேண்டும் என்பதற்காகவே அவர் சொல்லியிருக்கவும் கூடும்.

எண்ணிக்கையைப் பார்ப்பதை வாரத்துக்கு ஒரு நாள், பகலில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தூக்கம் திரும்பாவிட்டால், அல்லது கிட்டாரைத் தொடவே மனம் வராமல் போனால், ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள்; கடிதத்தில் அதற்கு மேல் நான் செய்யக்கூடியது குறைவு.

நண்பரிடம் குறுஞ்செய்தியில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நேரில் போங்கள். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல்லை, முடிந்தால், எல்லோர் முன்னிலையிலுமே திரும்பப் பெறுங்கள். கிளிக் டிராக் வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.