நான் என்று பாடுவது

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஆறு பேர் கிட்டாரும் பறையும் வைத்துக்கொண்டு சாதி மோதல் நடந்த ஊர்களில் அமைதிக்காகப் பாடுகிறோம். போன மாதம் ஓர் ஊரில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உரிமைப் போராட்டத்தில் பாடிய ‘வீ ஷல் ஓவர்கம்’ பாட்டைத் தமிழில் ‘நாங்கள் வெல்வோம்’ என்று பாடினோம். கைதட்டினார்கள், ஆனால் யாரும் சேர்ந்து பாடவில்லை. மைக் செட்டும் மோசம். என் கேள்வி இதுதான். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பக்திப் பாட்டுகளின் மெட்டை எடுத்துக்கொண்டு சாமியை மட்டும் நீக்கிவிட்டுப் பாடுவது நேர்மையா? பாட்டால் எதுவும் மாறும் என்று நம்புகிறீர்களா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க, அந்தப் போராட்டத்தில் பாடிய கறுப்பினப் பாடகி பெர்னிஸ் ஜான்சன் ரீகனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 2024 ஜூலையில் அவர் இறந்ததிலிருந்து அந்தக் குரல் என்னை விடவில்லை. அதனால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த மைக் செட் பேச்சை விடுங்கள். எனக்குக் கோபம் வந்த இடமே அதுதான். ரீகன் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகள். அவருடைய பதினோரு வயதுவரை அவர்கள் தேவாலயத்தில் பியானோகூடக் கிடையாது. கையும் காலும்தான் தாளம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவர் அழகாகப் பாடினால் போதாது, எதிரில் இருப்பவர் வாய் திறக்காமல் இருக்க முடியாதபடி செய்யவேண்டும். நீங்கள் கைதட்டல் வாங்கியதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர் மக்களை ரசிகர்களாக உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள், தம்பி.

சாமியை நீக்குவது பற்றி. 1961 டிசம்பரில் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரத்தில் நிறவெறிக்கு எதிராக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ரீகனுக்கு அப்போது 19 வயது. திரும்பி வந்து தேவாலயத்தில் கூடியதும் அவரைப் பாடச் சொன்னார்கள். தலைக்கு மேலே காற்றில் தொல்லை தெரிகிறது என்று வரும் ஒரு பழைய பாட்டை எடுத்தார். ‘தொல்லை’ என்ற சொல் வரவேண்டிய இடம் வந்தபோது அவர் கண்ணுக்குத் தொல்லை எதுவும் தெரியவில்லை. ‘விடுதலை’ என்று பாடிவிட்டார். எங்கோ ஒரு கடவுள் இருக்கத்தான் வேண்டும் என்று முடிகிற வரியை அவர் தொடவில்லை. அந்தப் பாட்டுக்குள்ளேயே வளர்ந்தவர் என்பதால் எந்தச் சொல்லை மாற்றலாம் என்று யாரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை. நீங்கள் பாடுகிற பாட்டுக்குள் எத்தனை நாள் இருந்திருக்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், சாமியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

என்னை உலுக்கியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மொழிபெயர்ப்பு. ‘நாங்கள் வெல்வோம்.’ இரண்டு தெருக்கள் வெட்டிக்கொண்ட ஊரில் போய் நின்று இதைப் பாடியிருக்கிறீர்கள்! ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. ‘நாங்கள் வெல்வோம்’ என்பது ஒரு தெரு இன்னொரு தெருவைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. அதைக் கேட்ட கிழவி ஒருத்தி, ‘அப்ப நாங்க யாரு?’ என்று மனதுக்குள் கேட்டிருப்பாள். உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனாலும் அமைதிக்காகப் பாடப் போகிறவன் தன் மொழியில் இதைக்கூடக் கவனிக்காமல் போகலாமா?

சரி, ‘நாம்’ என்று மாற்றிவிட்டால் போதுமா? போதாது. கறுப்பர்களின் தேவாலயங்களில் அந்தப் பாட்டு ‘நான் வெல்வேன்’ என்றுதான் இருந்தது. 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். மாதக்கணக்கில் நீடித்த அந்த மறியலில் அது ‘நாம்’ ஆனது. லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி அதை மிக மெதுவாக இழுத்துப் பாடுவாராம். அவர்களிடமிருந்து, தொழிற்சங்கத்தினருக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளியின் சில்ஃபியா ஹார்ட்டன் கற்றார், அவரிடமிருந்து நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர். அப்படித்தான் நம் வரைக்கும் வந்தது.

ரீகன் இந்த மாற்றத்தைப் பற்றிச் சொன்னதுதான் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது. எங்கள் மக்களிடையே கூட்டத்தைச் சொல்லவேண்டுமானால் ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும், ‘நாம்’ என்றால் யார் வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது என்றார். ‘நாம்’ என்று பாடுகிறபோது பின்வரிசையில் நிற்பவன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நழுவிவிடலாம். நூறு பேர் தனித்தனியே ‘நான்’ என்று சொன்னால் நூறு பேர் இருக்கிறார்கள். ஆல்பனியில் அந்த டிசம்பரில் 500-க்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். ரீகனும் போனார், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். சிறையிலிருந்து வந்து பாடிய முதல் கூட்டத்தில்தான் தன் குரல் தனக்குக் கிடைத்தது, அதற்கு முன் அப்படியொரு குரலைத் தானே கேட்டதில்லை என்றார்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துப் புரிந்ததில்லை. இருபத்துநான்கு வயதில், விவசாயக் கூலி உயர்வுக்கான ஒரு மறியலில் கைதாகி, கல்யாண மண்டபம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்தேன். முழக்கங்களை எழுதிக் கொடுத்ததே நான்தான். மதியம் இரண்டு மணிக்கு எல்லோர் தொண்டையும் ஓய்ந்துவிட்டது. சாப்பாடும் வரவில்லை. அப்போது கை கழுவும் இடத்தருகே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, சுருக்குப் பையை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, நடவுப் பாட்டை எடுத்தார். ‘நாத்து நடப் போறேன் நானு’ என்று வரும் வரியை ‘ஜெயிலுக்கும் போறேன் நானு’ என்று மாற்றிவிட்டார். பக்கத்துப் பெண் அதை வாங்கித் தன் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பாடினார், அடுத்தவர் தன் பிள்ளையின் பெயரை. சுற்றி வந்து என்னிடம் நின்றது. ‘வெல்வோம், வெல்வோம்’ என்று காலையிலிருந்து கத்திய எனக்கு, ‘போறேன் நானு’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. வீடு ஞாபகம் வந்தது, அரசு வேலைக்கு எழுதிப் போட்டிருந்த மனு ஞாபகம் வந்தது. பாட்டி அடுத்த ஆளுக்குப் போகவில்லை. கைதட்டலை நிறுத்தாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் பாடினேன். சுருதியே இல்லை. ‘அப்படிச் சொல்லுய்யா’ என்றார். எனக்கு ஆன்மிகம் என்றால் அந்தக் காத்திருப்புதான். அதற்குள் சாமி உண்டா இல்லையா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

பாட்டால் எதுவும் மாறுமா என்ற கேள்விக்குள் போக எனக்கு மனமில்லை. 1962 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் ஆல்பனியை விட்டுப் போனபோது நகரம் எதையும் விட்டுக்கொடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் பாடினார்கள்.

அந்த ஊருக்கு மறுபடி போங்கள். மேடை வேண்டாம், கிட்டாரை வீட்டில் வையுங்கள். இரண்டு தெருப் பெண்களும் தண்ணீர் பிடிக்க வருகிற இடம் ஒன்று இருக்கும், அங்கே உட்காருங்கள். அவர்கள் என்ன பாட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாடச் சொல்லி அவர்கள் உங்கள் பக்கம் திரும்பினால், ‘நான்’ என்று தொடங்குகிற ஒரு வரி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். போய்வந்து எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்.