ஒளிச்சேர்க்கையைக் கூட்டினால் விளைச்சல் கூடுமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

"இலையின் ஒளிச்சேர்க்கையை மாற்றினார்கள், செடி 40 சதவீதம் பெரிதாக வளர்ந்தது" என்ற செய்தித் துணுக்கைக் குழுவில் ஒருவர் பகிர்ந்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பயிர் வினையியல் படித்து அதிலேயே வேலை செய்கிறவள் என்பதால் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அக்கா, அந்த 40 சதவீதம் உண்மையா?

உண்மைதான் தம்பி, ஆனால் அது புகையிலையில், அதுவும் செடியின் மொத்த எடையில். தானியத்தில் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 'ரைப்' என்ற ஆய்வுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது, கேட்ஸ் அறக்கட்டளை பணம் தருகிறது. அவர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவு அது. புகையிலையை எடுத்ததற்குக் காரணம், அதில் மரபணுவைச் சேர்ப்பது சுலபம், சீக்கிரம் வளரும், விதை ஏராளமாகக் கிடைக்கும். முதலில் அதில் பார்த்துவிட்டுத்தான் உணவுப் பயிருக்கு வருவார்கள்.

என்ன செய்தார்கள் என்றால், இலைக்குள் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி இருக்கிறது. உலகத்தில் உள்ள உணவு எல்லாம் கடைசியில் அதன் வழியாகத்தான் வருகிறது, ஆனால் அது ரொம்ப மெதுவானது, நொடிக்கு மூன்று மூலக்கூறுகள் போலத்தான் பிடிக்கும். அதோடு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால் செடிக்கு ஆகாத ஒரு பொருள் உருவாகிறது, அதைச் சரிசெய்து மீட்கச் செடி நிறைய ஆற்றலைச் செலவழிக்கிறது, ஏற்கெனவே பிடித்த கரியமில வாயுவிலும் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. இதற்குப் பெயர் ஒளிச்சுவாசம். வெயில் ஏற ஏற இந்தத் தவறு கூடும். அமெரிக்காவில் இதனால் மட்டும் சோயாவில் 36 சதவீதமும் கோதுமையில் 20 சதவீதமும் விளைச்சல் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2019-இல் செய்தது அந்த மீட்பு வேலைக்குச் செடியின் பசுங்கணிகத்துக்குள்ளேயே (இலைச் செல்லில் பச்சையம் இருக்கும் சின்ன உறுப்பு அது) ஒரு குறுக்குப் பாதை போட்டது. அதற்குத் தேவையான நொதிகளில் ஒன்று பச்சைப் பாசியிலிருந்து எடுத்தது. பிறகு அதே வழியை உருளைக்கிழங்கில் செய்து, வெப்ப அலை வந்த ஒரு பருவத்தில் வயலில் கிழங்கு எடை 30 சதவீதம் கூடியதாகக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கிழங்கு முடிவுதான் புகையிலையைவிடப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் இது சாப்பிடுகிற பாகம், அதுவும் வெயில் காலத்தில்.

கேள்வி (தஞ்சாவூர் பக்கம் நெல் விவசாயி): நம்ம வயல்ல வெயிலுக்கா பஞ்சம்? அடிக்கிற வெயிலை எல்லாம் பயிர் எடுத்துக்கொள்ளாதா அம்மா?

எடுத்துக்கொள்ளாது ஐயா. நெல், கோதுமை, பயறு மாதிரியான பயிர்கள் வெயிலின் ஆற்றலில் அதிகபட்சம் 4.6 சதவீதத்தைத்தான் உடம்பாக மாற்ற முடியும் என்பது கணக்கு. மக்காச்சோளம், கரும்பு வகைக்கு 6 சதவீதம். வயலில் பருவம் முழுக்கப் பார்த்தால் மிக நன்றாக வளர்ந்த நெல் வகைப் பயிரே 2.4 சதவீதத்தை ஒட்டித்தான் தொட்டிருக்கிறது, சாதாரண வயலில் இன்னும் கீழே.

மதிய வெயிலில் மேல் இலைக்குத் தேவைக்கு மேல் வெளிச்சம் கிடைக்கிறது. எல்லாவற்றையும் உள்ளே விட்டால் இலை கருகிவிடும், அதனால் மிச்சத்தை வெப்பமாக வெளியே தள்ளுகிறது. வெள்ளம் வரும்போது வடிகால் மடையைத் திறந்துவிடுகிற மாதிரி. சிக்கல் எங்கே என்றால், மேகம் மறைத்ததும், அல்லது பக்கத்து இலை ஆடி நிழல் விழுந்ததும், அந்த மடை உடனே மூடுவதில்லை, பல நிமிடம் எடுக்கிறது, சில சமயம் அரை மணி நேரம்கூட. வெளிச்சம் குறைவாக இருக்கும் அந்த நேரத்திலும் இலை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க இப்படி வீணாவது 7.5 முதல் 30 சதவீதம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

இந்த மடையைச் சீக்கிரம் மூட வைக்க மூன்று மரபணுக்களைக் கூடுதலாகச் சேர்த்து 2016-இல் புகையிலையில் சுமார் 15 சதவீதம் கூடுதல் வளர்ச்சி பார்த்தார்கள். 2022-இல் சோயாவில் செய்ததில் சராசரி 24.5 சதவீதம், அதிகபட்சம் 33 சதவீதம் விதை விளைச்சல் கூடியது, புரதமும் குறையவில்லை. இது முதல் வருஷக் கதை. அடுத்த வருஷம் புயல் காற்றில் பயிர் சாய்ந்து, கூடுதல் விளைச்சல் எதுவும் தெரியவில்லை. செய்தியில் முதல் வருஷம் மட்டும்தான் வந்தது, அதனால்தான் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: அப்படியானால் இதெல்லாம் வெறும் விளம்பரமா?

இல்லை. ஆனால் 2023-இல் நேச்சர் இதழில் சில விஞ்ஞானிகள், ஒரே இடத்தில் சின்னப் பாத்தியில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு விளைச்சல் கூடிவிட்டது என்று சொல்லாதீர்கள், பல இடம், பல வருஷம், விவசாயி நடுகிற அதே இடைவெளியில் நட்டுக் காட்டுங்கள் என்று எழுதினார்கள். நான் அவர்கள் பக்கம். இலை கூடுதலாகச் சர்க்கரை செய்தாலும் அது போய்ச் சேர மணி இருக்க வேண்டும், மணியைத் தாங்கத் தண்டு இருக்க வேண்டும், வேர் இருக்க வேண்டும். கதிரில் இடமில்லை என்றால் இலையே வேலையைக் குறைத்துக்கொள்ளும். சோயா சாய்ந்தது ஒரு தற்செயல் என்று ஒதுக்கிவிடக் கூடாது, மேலே கனம் கூடினால் சாயும் வாய்ப்பும் கூடும் என்பது நெல் போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

இருந்தும் இந்த ஆராய்ச்சி அவசியம் என்று ஏன் நினைக்கிறேன்? 1966-இல் வந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் ரகங்கள் இலையை வேகப்படுத்தவில்லை. வைக்கோலுக்குப் போவதைக் குறைத்து மணிக்குத் திருப்பின. மொத்த எடையில் மணியின் பங்கு 30 சதவீதம் அளவிலிருந்து 50 சதவீதம் அளவுக்கு வந்தது. அந்த வழியில் இனி அதிகம் ஏற முடியாது, தண்டும் இலையும் இல்லாமல் மணி மட்டும் வளராது. மிச்சம் இருப்பது இலையின் வேலையை மேம்படுத்துவதுதான்.

கேள்வி (சிறுதானியம் பயிரிடுபவர்): கம்பு, கேழ்வரகு எல்லாம் 'சி4' பயிர், நெல்லைவிட உசத்தி என்கிறார்களே. நெல்லையும் அப்படி மாற்ற முடியாதா?

கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாமே சி4 தான், கரும்பும் மக்காச்சோளமும் அந்த வகைதான். இவை கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் அடைத்து, அங்கே ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கின்றன. சுற்றிலும் கரியமில வாயுவே நிறைந்திருப்பதால் ஆக்சிஜனைத் தவறிப் பிடிப்பது மிகக் குறைவு. வெயிலில் நன்றாக ஓடும், தண்ணீரும் தழைச்சத்தும் குறைவாகப் போதும். இந்த வழியை 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பு இலையை வைத்து விளக்கினார்கள்.

நெல்லை இப்படி மாற்றும் திட்டம் 2008-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கியது, இப்போது ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒருங்கிணைக்கிறார்கள். இன்னும் முழு சி4 நெல் வரவில்லை. நொதிகளை மட்டும் மாற்றினால் போதாது, நெல் இலையின் நரம்புகள் நெருங்கி அமைய வேண்டும், நரம்பைச் சுற்றிய செல்களில் பசுங்கணிகம் நிரம்ப வேண்டும், அதாவது இலையின் உள்கட்டமைப்பையே மாற்ற வேண்டும். இயற்கையில் இந்த மாற்றம் அறுபது தடவைக்கு மேல் தனித்தனியாக நடந்திருக்கிறது, அதனால் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கம்பும் கேழ்வரகும் இவ்வளவு திறமை இருந்தும் ஏக்கருக்கு நெல் அளவு கொடுக்காததற்குக் காரணம் அவற்றை மானாவாரியில், வளம் குறைந்த மண்ணில் போடுவதும், அவற்றின் ரகங்களுக்கு நெல்லுக்குச் செய்த அளவு ஆராய்ச்சி செய்யாததும்தான். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

கேள்வி: காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறதே, பயிர் தானாகவே கூடுதலாக விளையாதா?

நெல், கோதுமை மாதிரி சி4 அல்லாத பயிருக்குக் கொஞ்சம் கூடும். திறந்த வயலில் கரியமில வாயுவைக் கூட்டிவிட்டு ஜப்பானிலும் சீனாவிலும் செய்த சோதனைகளில் நெல் சராசரியாகப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடியது. ஆனால் அந்த நெல்லில் சத்து குறைந்தது: 2014-இல் வந்த தொகுப்பு ஆய்வில் நெல்லில் புரதம் 7.8, இரும்பு 5.2, துத்தநாகம் 3.3 சதவீதம் குறைந்திருந்தது. அரிசியையே பிரதானமாகச் சாப்பிடும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மேலும் வெப்பமும் சேர்ந்து வருகிறது, பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். அந்த லாபத்தை நம்பி உட்கார முடியாது.

கேள்வி (இயற்கை விவசாயி): விளைச்சல் கூடினால் உரமும் தண்ணீரும் கூடத்தானே வேண்டும்? இதில் நிலைத்தன்மை எங்கே?

நியாயமான கேள்வி. கூடுதலாக விளையும் ஒவ்வொரு மூட்டையும் மண்ணிலிருந்து கொஞ்சம் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகும். ஜப்பானில் நெல்லில் ரூபிஸ்கோவைக் கூட்டி 2020-இல் வெளியிட்ட வயல் ஆய்வில், போதுமான தழைச்சத்து கொடுத்தபோதுதான் விளைச்சல் கூடியது, கொடுக்காதபோது கூடவில்லை. ஆக, எந்த வழியில் ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். ரூபிஸ்கோவை இன்னும் அதிகம் செய்யச் சொன்னால் தழைச்சத்து அதிகம் வேண்டும், ஏனென்றால் இலையின் தழைச்சத்தில் பெரும் பங்கு அந்த ஒரு நொதியிலேயே இருக்கிறது. இருக்கிற நொதியை வீணாக்காமல் வேலை வாங்கினால், அதே சத்தில் கூடுதலாகக் கிடைக்கும். நான் இந்த இரண்டாவது வழியைத்தான் ஆதரிக்கிறேன்.

தண்ணீருக்கும் ஒரு வழி தெரிந்திருக்கிறது. இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும், அதே துளை வழியாகத்தான் நீரும் போகும். மேலே சொன்ன மூன்று மரபணுக்களில் ஒன்றை மட்டும் புகையிலையில் கூட்டியபோது துளைகள் அளவாகத் திறந்தன, பிடிக்கும் கரியமில வாயுவுக்கு ஏற்ற நீரிழப்பு 25 சதவீதம் குறைந்தது. இது 2018 ஆய்வு.

கேள்வி: இந்தியாவில் இதை அனுமதிப்பார்களா?

வெளி மரபணு சேர்த்த பயிரில் இங்கே வணிகச் சாகுபடிக்கு வந்தது 2002-இல் பிடி பருத்தி மட்டும்தான். பிடி கத்திரிக்கு 2010-இல் தடை. மரபணு மாற்றிய கடுகு பற்றிய வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். ஆனால் வெளி மரபணு சேர்க்காமல் செடியின் சொந்த மரபணுவையே திருத்துகிற முறைக்கு 2022-இல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். அதன்படி 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது, ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்த 'கமலா'. அது மணி எண்ணிக்கையைக் கூட்டும் திருத்தம், ஒளிச்சேர்க்கை இல்லை. ஒளிச்சேர்க்கைக்கும் இதே முறை சாத்தியம் என்று 2024-இல் நெல்லில் காட்டியிருக்கிறார்கள், மேலே சொன்ன மடையை வேகப்படுத்தும் மரபணுவின் முன்பகுதியைத் திருத்தியே அதன் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். இங்கே முதலில் வந்தால் இப்படித்தான் வரும் என்பது என் கணிப்பு.

கேள்வி: கடையில் "ஒளிச்சேர்க்கையைத் தூண்டும் டானிக்" விற்கிறார்கள். அடிக்கலாமா?

பணத்தை வீணாக்காதீர்கள். ரூபிஸ்கோவின் குணத்தை மாற்றும் தெளிப்பு எதுவும் இல்லை. பயிரில் பற்றாக்குறை இருந்தால் அதைத் தீர்த்தால் இலை பச்சைக்குத் திரும்பும்: பச்சையத்தின் நடுவிலேயே மெக்னீசியம் இருக்கிறது, சுண்ணாம்பு மண்ணில் கடலையும் கரும்பும் வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச் சத்து, நெல்லுக்குத் துத்தநாகம். மண் பரிசோதனை செய்துவிட்டு என்ன குறைவோ அதை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி (திருவாரூர்): அம்மா, அதெல்லாம் வரும்போது வரட்டும். இந்தப் பட்டத்துக்கு நான் என்ன செய்யலாம்?

யூரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு போடாமல் இலை வண்ண அட்டையை வைத்துப் போடுங்கள் ஐயா. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, நன்றாக விரிந்த மேல் இலைகள் பத்தை உங்கள் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். அட்டையில் உள்ள பச்சை நிற எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4, அதற்குக் கீழே போனால் மட்டும் மேலுரம். கரும்பச்சையாக இருந்தால் ஒளிச்சேர்க்கை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள், அந்த அளவுக்கு யூரியா போனால் இலை தொங்கி ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும், இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், கடைசியில் சாயும். ரொம்ப நெருக்கி நடாதீர்கள், கீழ் இலைக்கும் வெளிச்சம் போகட்டும், தாளடியில் மழை மேகம் மூடுகிற மாதங்களில் இது இன்னும் முக்கியம். அப்புறம் கண்ணாடி இலையும் (கதிருக்கு ஒட்டி வரும் கடைசி இலை) அதற்குக் கீழே உள்ள இரண்டு இலைகளும்தான் மணிக்குப் போகும் மாவுச்சத்தில் பெரும்பகுதியைச் செய்கின்றன. கதிர் வந்த பிறகு கவனம் முழுக்க அந்த மூன்று இலைகள் மேலே இருக்கட்டும். மணி முற்றும் வரை அவற்றை நோய், புழு, வறட்சி எதுவும் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: நம்முடைய பாரம்பரிய ரகங்களில் இந்தக் குணம் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு, என்னை அதிகம் இழுப்பது இந்தக் கேள்விதான். நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது இலை முழு வேகம் எடுக்கச் சில நிமிடம் ஆகிறது. அந்த நேரம் நெல் ரகத்துக்கு ரகம் வித்தியாசப்படுகிறது என்று பல ரகங்களை வைத்து அளந்து காட்டியிருக்கிறார்கள். நிலையான வெளிச்சத்தில் நன்றாக வேலை செய்யும் ரகம் மாறும் வெளிச்சத்திலும் நன்றாக இருக்கும் என்பதில்லை, ஆனால் ரகத் தேர்வில் இதுவரை மாறும் வெளிச்சத்தை யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் போன்றவற்றை இந்த ஒரு குணத்துக்காக வரிசையாக அளக்க வேண்டும் என்பது என் ஆசை. இதற்கு மரபணு மாற்றமோ அனுமதியோ வேண்டாம், ரகத்தோடு ரகத்தைக் கலப்பினம் செய்யும் வழக்கமான முறையே போதும். வேண்டியது இலையின் வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் கருவியும், அதைத் தூக்கிக்கொண்டு வயலில் நிற்க ஆளும், நம்பகமான தூய விதையும்தான். கருவி பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. விதை உங்களில் பலரிடம் இருக்கிறது.