இணையவழிக் கற்பித்தலுக்குக் கட்டற்ற கருவிகள்: கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): சார், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்களை இறக்கி, தேவையான பகுதியை மட்டும் வெட்டி மாணவர்களுக்குத் தரலாமா?

டீச்சர், இலவசமாகப் பார்க்கக் கிடைப்பது வேறு, எடுத்து மாற்றிப் பகிர அனுமதி இருப்பது வேறு. உரிமம் எதுவும் குறிப்பிடாத பாடத்துக்கு முழுப் பதிப்புரிமை உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்படையாக அனுமதி கொடுத்திருந்தால்தான் அது திறந்த கல்வி வளம். பெரும்பாலும் அந்த அனுமதி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமாக இருக்கும். படைப்பைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொது உரிமம் அது. அதில் 'பிஒய்' (BY) என்றால் உருவாக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். 'எஸ்ஏ' (SA) என்றால் நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். 'என்சி' (NC) என்றால் வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 'என்டி' (ND) இருந்தால் மாற்றியதை வெளியிடக் கூடாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். தமிழில் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த என்டி இருக்கிறதா என்பதைத்தான்.

பெயர் சொல்வது என்றால் 'நன்றி: இணையம்' என்று போடுவது அல்ல. பாடத்தின் தலைப்பு, உருவாக்கியவர், எடுத்த இடத்தின் இணைப்பு, உரிமம், நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்ற விவரம், இந்த ஐந்தும் வேண்டும். கடைசி ஸ்லைடில் இரண்டு வரியில் அடங்கிவிடும்.

கேள்வி: கட்டணம் வாங்கி டியூஷன் எடுக்கிறேன். எனக்கு எது சரிப்படும்?

என்சி உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தரும் ஓபன் கோர்ஸ்வேர் பாடங்கள் அந்த வகை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் (இந்திய அறிவியல் கழகம்) சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் இருக்கின்றன. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி (சிறு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறுப்பாளர்): புதிதாகச் சேருபவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தர வேண்டும். இணையவழியில் பாடம் நடத்த உதவும் மூடுல் (Moodle) மென்பொருள் போதுமா? உண்மையிலேயே செலவில்லையா?

போதும். மார்ட்டின் டூகியமாஸ் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தொடங்கிய மூடுலின் முதல் பதிப்பு 2002-இல் வந்தது. இன்று உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் அதில் பாடம் நடத்துகின்றன. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் என்பதால் தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர் வாடகை உண்டு. பேக்கப் எடுக்க, பதிப்பைப் புதுப்பிக்க ஒருவர் வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவாகாமல் மூடுலை நிறுவாதீர்கள்.

நான் அதிகம் பரிந்துரைப்பது அதனுள் இருக்கும் எச்5பி (H5P) வசதியை. வீடியோவுக்குள்ளேயே கேள்விகள் வைக்க அது உதவும். தீயணைப்பானைப் பயன்படுத்தும் வீடியோ ஒன்றைச் செல்போனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ஊசியை இழுக்கும் இடத்தில் வீடியோ தானாக நிற்கும்படி வைத்து, 'அடுத்து குழாயை எங்கே காட்டுவீர்கள்? தீயின் உச்சியிலா, அடியிலா?' என்று கேளுங்கள். 'உச்சி' என்று தொட்டால் அதை விளக்கிய இடத்துக்கே வீடியோ திரும்பிப் போகும்படி அமைக்கலாம். பார்த்தேன் என்று கையெழுத்து வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். யார் முடித்தார்கள், எவ்வளவு மதிப்பெண் என்பதும் பதிவாகிவிடும்.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்தில் நெட் கிடைப்பதே அபூர்வம். ஆன்லைன் கல்வி பற்றிப் பேசவே முடியாதா?

உங்கள் ஊரைப் போன்ற இடங்களை மனதில் வைத்தே கொலிப்ரி (Kolibri) என்ற கற்பித்தல் மென்பொருளை உருவாக்கியிருக்கிறார்கள். நெட் உள்ள இடத்தில் பாடங்களை ஒருமுறை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஒரு பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலோ ஏற்றிவிடுங்கள். அப்புறம் அந்த ஒரு கருவியே வகுப்பின் சர்வர். ஒரு வைஃபை ரவுட்டர் இருந்தால் பிள்ளைகள் டேப்லெட்டிலோ போனிலோ பிரவுசர் வழியாக அதைத் திறப்பார்கள். இன்டர்நெட் தேவையே இல்லை. நீங்கள் தயாரித்த பாடங்களையும் கொலிப்ரி ஸ்டூடியோ என்ற அதன் இணையதளத்தில் சேனலாக (பாடத் தொகுப்பாக) ஆக்கி இதே வழியில் கொண்டுவரலாம்.

கூடவே, இணையதளங்களை நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் (Kiwix) மென்பொருளை நிறுவுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். அறிவியலுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்கள். ஒவ்வொன்றும் பிரவுசரில் திறக்கும் தனி எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும், தமிழிலும் பல இருக்கின்றன. மின்சுற்றில் பல்பை மாட்டிக் கழற்றி விளையாடும் பிள்ளைக்கு வரையறையைப் பிறகு சொன்னாலும் போதும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, லிப்ரெஆபீஸ், பைத்தான் எல்லாம் தமிழில் கற்க வழி உண்டா?

உண்டு தம்பி. ஐஐடி பம்பாயில் உருவான ஸ்போக்கன் டுடோரியல். சுமார் பத்து நிமிட வீடியோக்கள், தமிழ்க் குரலில். திரையில் பாதியில் வீடியோ, மறுபாதியில் மென்பொருள் என்று வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்துபார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே போனால் ஒன்றும் ஏறாது.

கேள்வி: நானே பாடம் தயாரித்து வெளியிட விரும்புகிறேன். என்னென்ன வேண்டும்?

திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ, குரலுக்கு ஆடாசிட்டி. கேமராவைவிட மைக்குக்குச் செலவிடுங்கள்; படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார்கள். எழுத்தைப் பெரிதாக வையுங்கள், பலர் செல்போனில்தான் பார்ப்பார்கள்.

முக்கியமாக, பிடிஎஃப் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். பிஒய் உரிமம் என்று எழுதிவிட்டு, திருத்த முடியாத கோப்பைக் கொடுத்தால் இன்னொரு ஆசிரியர் அதை வைத்து என்ன செய்வார்? ஸ்லைடின் ஓடிபி (ODP) கோப்பு, படங்களின் எஸ்விஜி (SVG) கோப்பு, எச்5பி கோப்பு என்று, திருத்தக்கூடிய மூலக் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தே வெளியிடுங்கள்.