பழைய மரவேலை இயந்திரங்களை வாங்கி, பெயிண்ட் அடித்து, வீட்டுப் பட்டறையில் பயன்படுத்தலாமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் வசிக்கிறார். கார் கேரேஜில் பாதியை மரவேலைக்கு ஒதுக்கியிருக்கிறார். 1940-களில் செய்த வட்ட ரம்பம் (மேசையின் நடுவே வட்டமான அலகு சுழன்று மரத்தை அறுக்கும் இயந்திரம்) ஒன்று மலிவாகக் கிடைக்கிறதாம். துருப்பிடித்து, பெயிண்ட் உரிந்து கிடக்கும் அதை வாங்கலாமா என்கிறார். தாராளமாக வாங்கலாம். ஆனால் பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் இருக்கிறேன். ஹெர்பர்ட் டாட்ஸ் என்பவர் 1919-இல் டெல்டா நிறுவனத்தைத் தொடங்கியது இதே ஊரில்தான். தொடக்க காலத்தில் பெரிய தொழிற்சாலைகளைவிட, வீட்டில் மரவேலை செய்பவர்களை மனத்தில் வைத்து இயந்திரம் செய்த நிறுவனம் அது. 1939-இல் அவர்கள் கொண்டுவந்த யூனிசா என்ற வட்ட ரம்பம் இன்றைக்கும் பலருடைய கேரேஜில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் பெரும்பாலான வீட்டுப் பட்டறை ரம்பங்களில் சாய்வாக அறுக்க வேண்டுமென்றால் மேசையையே சாய்க்க வேண்டும். பலகை சரிவில் வழுக்கும். யூனிசாவில் மேசை அசையாது, அடியில் இருக்கும் அலகு சாயும். இந்த மாநிலத்தின் பெலாய்ட் ஊரில் யேட்ஸ் அமெரிக்கன் நிறுவனம் பெரிய பட்டை ரம்பங்களை (இரண்டு சக்கரங்களில் நாடா போன்ற அலகு ஓடி அறுக்கும் இயந்திரங்களை) செய்தது. பள்ளிக்கூடங்களில் மரவேலை வகுப்புகளை மூடியபோது இத்தகைய இயந்திரங்கள் நிறைய வெளியே வந்தன.

என் யூனிசா ஒரு பண்ணை வீட்டின் கொட்டகையில் கிடந்தது. அந்த வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அவருடைய மகள் விற்றார். 350 டாலர் கொடுத்தேன். பேரிங், பெல்ட், வயர், சுவிட்ச், பெயிண்ட் என்று இன்னொரு 260 டாலர் ஆனது. குளிர்காலம் முழுக்க வார இறுதிகளில் உட்கார்ந்தேன். அதே தரத்தில் புதிதாக ஒன்று வாங்க 2000 டாலருக்கு மேல் ஆகும். நேரத்துக்கும் கூலி போட்டுக் கணக்குப் பார்ப்பவருக்கு இது ஒத்துவராது. எனக்கு அந்த நேரம்தான் வேண்டியிருந்தது.

வாங்கும்போது துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். விரிசலைப் பார்த்துப் பயப்படுங்கள். இந்த இயந்திரங்களின் உடல் வார்ப்பிரும்பு. துரு போய்விடும், உடைந்த வார்ப்பிரும்பு எளிதில் கூடாது. மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போம் அல்லவா, அதேபோல ஒரு சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஓசை செத்துக் கேட்கும். அழுக்குக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு ஓடினால், யாரோ பித்தளைப் பற்று வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அது நல்ல வேலையாகவும் இருக்கலாம். ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு எல்லாக் கைச்சக்கரங்களையும் சுற்றிப் பாருங்கள். வண்டியில் ஏற்றும் முன் மோட்டாரைக் கழற்றித் தனியாக எடுத்து வாருங்கள். அதன் பாரம் தொங்கியபடி குலுங்கினால், அதைத் தாங்கும் வார்ப்பு வழியிலேயே உடைந்துவிடலாம்.

இழைப்பு இயந்திரம் வாங்கப் போனால் இன்னொன்று. கத்தி மாட்டும் உருளை வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தால் வாங்காதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அப்படிச் செய்தார்கள். சதுர உருளைக்கும் மேசைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். விரல் நழுவினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பார்வைக்கு வைக்க வேண்டிய பொருள்.

இப்போது பெயிண்டுக்கு வருகிறேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் ஈயப் பெயிண்டை அமெரிக்கா தடை செய்தது 1978-இல்தான். ஆகவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், வயர் பிரஷ்ஷை டிரில்லில் மாட்டிப் புழுதி கிளப்பாதீர்கள். பெயிண்ட் நீக்கும் களிம்பைத் தடவி, ஈரமாகவே வழித்து, காகிதத்தில் சுருட்டித் தனியாக அப்புறப்படுத்துங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த உடையோடு உள்ளே போகாதீர்கள். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் கேரேஜிலேயே உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவேன்.

களிம்பு தடவினால் இன்னொரு அதிசயம் வெளிப்படும். பெயிண்டோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு பூச்சும் உரிந்து வரும். முதன்முறை பார்த்தபோது இரும்பே கரைகிறதோ என்று திடுக்கிட்டேன். அது தொழிற்சாலையில் பார்த்த பட்டி. மணல் அச்சில் வார்த்த இரும்பு சொரசொரப்பாகத்தான் வரும். அதன்மேல் பட்டி பார்த்து, தேய்த்து, வழவழப்பாக்கி, பிறகுதான் பெயிண்ட் அடித்தார்கள். அதை முழுக்க உரித்துவிட்டால் நீங்களும் முதலிலிருந்து பட்டி பார்க்க வேண்டும். உறுதியாகப் பிடித்திருக்கும் இடத்தில் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

துருப்பிடித்த சிறிய பாகங்களுக்கு நான் மின்னாற்பகுப்பைப் பயன்படுத்துகிறேன். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, ஒரு பழைய பேட்டரி சார்ஜர். பாகத்தை எதிர்முனையில் இணைக்க வேண்டும். நேர்முனையில் வேண்டாத இரும்புத் தகடு. மாற்றி இணைத்தால் உங்கள் பாகம் அரித்துப் போகும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைப் போடவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த இடத்தில் செய்யுங்கள். அலுமினியம், துத்தநாகக் கலவைப் புல்லிகளை இதில் போடாதீர்கள், கரைந்துவிடும். மேசையின் மேற்பரப்புக்கு இவ்வளவு பாடு வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றி, ரேஸர் பிளேடால் படுக்கை வாட்டத்தில் வழித்தால் போதும். பிறகு மெழுகு தேயுங்கள். சிலிக்கோன் கலந்த எதையும் தடவாதீர்கள், அது பலகையில் ஒட்டி வார்னிஷைக் கெடுக்கும்.

பேரிங்குகளை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இதில் எனக்குப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. திருகு முதல் தண்டு வரை எல்லாமே அங்குலக் கணக்கில் செய்த இந்த இயந்திரங்களுக்குள் பேரிங் மட்டும் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். என் துளையிடும் இயந்திரத்தில் இருந்தது இன்று 6203 என்ற எண்ணில் கிடைக்கும் அளவு: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். பேரிங் செய்தவர்கள் ஒரு தர அளவில் உறுதியாக நின்றதால், அந்தப் பழைய இயந்திரத்துக்கு உரிய பாகத்தை நான் சில டாலர்களுக்கு வாங்க முடிந்தது.

துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்டாலே பொடியும், அவற்றையும் மாற்றுங்கள். தொழிற்சாலை, பள்ளி இயந்திரம் என்றால் மூன்று பேஸ் மோட்டாராக இருக்கலாம். வீட்டில் ஒரு பேஸ்தான் வரும். மோட்டாரைத் தூக்கி எறியாமல், ஒரு பேஸை மூன்றாக்கித் தரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்தால் ஓடும். பழைய வட்ட ரம்பத்தில், அறுத்த மரம் மீண்டும் நெருங்கி அலகைக் கவ்வாமல் தடுக்கும் தகடு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அது இல்லாவிட்டால் பலகை உங்கள் வயிற்றை நோக்கிப் பாய்ந்து வரலாம். பெயிண்டுக்கு முன்பே அதற்கு ஒரு வழி செய்துகொள்ளுங்கள்.

உண்மையில் பெயிண்ட் அடிப்பது எளிய பகுதி. பிரைமர், அதன்மேல் எண்ணெய் எனாமல், பிரஷ்ஷால் மெல்லிய இரண்டு பூச்சு. எனாமல் தானாகவே பரவிச் சமமாகும். கடினமாக்கும் திரவம் கலந்து தெளிக்கச் சொல்வார்கள். அவற்றில் பலவற்றில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். வீட்டில் அது வேண்டாம். பூசிய மறுநாள் காய்ந்தது போலத் தோன்றும். நகம் பதியாத அளவு இறுக மூன்று வாரமாவது கொடுங்கள். மில்வாக்கியில் குளிர் மாதங்களில் எனாமல் காயவே காயாது. அதனால் குளிர்காலத்தில் பிரிப்பது, துடைப்பது, பேரிங் மாற்றுவது. மே மாதத்தில் பெயிண்ட். எந்த நிறம் என்று கேட்டால், பெயர்த் தகட்டைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பாருங்கள். வெயிலும் எண்ணெயும் படாத அந்த இடத்தில் அசல் நிறம் அப்படியே இருக்கும்.

பெயிண்ட் அடிப்பதற்காகத்தான் நான் யூனிசாவை முழுக்கப் பிரித்தேன். பிரித்ததால்தான் உள்ளே ஒரு பற்சக்கரத்தில் மரத்தூளும் கிரீஸும் சேர்ந்து கல்லாகியிருந்தது தெரிந்தது. இன்று அதில் ஒரு புதுச் சத்தம் வந்தால் எந்தத் திருகு என்று இருட்டில்கூடச் சொல்வேன். நான் பெயிண்ட் அடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் ஒன்றை எண்ணி இன்றும் வருந்துகிறேன். யூனிசாவுக்கு முன் ஒரு 14 அங்குல டெல்டா பட்டை ரம்பம் வாங்கியிருந்தேன். அழுக்கின் அடியில் அதன் அசல் பெயிண்ட் முக்கால்வாசி நன்றாகவே இருந்தது; டெல்டாவின் முக்கோணச் சின்னமும் ஒட்டியபடி இருந்தது. ஆர்வத்தில் எல்லாவற்றையும் களிம்பு போட்டு உரித்துவிட்டேன். இப்போது பளபளக்கிறது, பார்க்கிறவர்கள் பாராட்டுகிறார்கள். அதை முதலில் வாங்கியவர் பார்த்த நிறத்தை நான்தான் அழித்தேன். அதனால் சொல்கிறேன்: முதலில் சோப்புத் தண்ணீரும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்துவிட்டு, ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருங்கள். அசல் பெயிண்ட் தாங்குகிறது என்றால் மெழுகு தேய்த்து அப்படியே விடுங்கள். பேரிங்கும் வயரும் மாற்றப் பெயிண்டை உரிக்க வேண்டியதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் கேரேஜில் பெலாய்ட்டில் செய்த 20 அங்குல யேட்ஸ் பட்டை ரம்பம் நிற்கிறது. சக்கரத்தின் ஆரங்கள் பனித்துகள் வடிவில் இருப்பதால் இதை இங்கே அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். வெளிப்புறத்தில் யாரோ பின்னாளில் நீல நிறம் பூசியிருக்கிறார்கள். ஓர் ஓரத்தில் மட்டும் கவனமாகச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் பழைய சாம்பல் நிறம் தெரிகிறது. நீலத்தை மட்டும் எடுத்துச் சாம்பலை விட்டுவைக்க முடியுமா என்று கதவின் உள்புறத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் முயன்றுகொண்டிருக்கிறேன். மே வரை நேரம் இருக்கிறது.