மகளின் சுற்றுச்சூழல் கல்வி ஆசை: கண்மாய்க்கரையில் ஓராண்டு

ஐயா, விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊர் இயற்கையைச் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாக்கிக்கொள்ளப் போகிறேன் என்கிறாள், அது சோறு போடுமா என்று மேலூர்ப் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் அதற்கென்று பள்ளிகளில் தனிப் பணியிடம் கிடையாது. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991-ல். பள்ளிப் புத்தகங்களிலோ அது பெரும்பாலும் மற்றப் பாடங்களுக்குள் கலந்துதான் வந்தது. பாடம் வந்தது, ஆசிரியர் பணியிடம் வரவில்லை. அதனால் வேறொரு தகுதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

சுற்றுச்சூழல் அறிவியல் பட்டத்துக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு விலங்கியல், தாவரவியல், வேதியியல் என்று பாடவாரியாக நடக்கிறது. வேறு பெயரில் பட்டம் வாங்கியவர்கள் தங்கள் பட்டம் அந்தப் பாடத்துக்குச் சமம்தான் என்ற இணைச் சான்றுக்குப் பிறகு அலைகிறார்கள். விலங்கியலை முடிக்கட்டும். இரண்டாண்டு பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாள் என்று போனால் நிலையான வருமானத்துக்கு ஒரு வழி இருக்கும். ஆராய்ச்சியில் மனம் போனால் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது.

மூன்றாவது வழி தொண்டு நிறுவன வேலை. கோத்தகிரியில் கீஸ்டோன், சென்னையில் கேர் எர்த் போன்ற சுற்றுச்சூழல் அமைப்புகள் இருக்கின்றன. இந்தத் துறையில் பல வேலைகள் நிதி இருக்கும்வரை நடக்கும் திட்ட வேலைகள். சேரும் முன் ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, நிதி எந்த மாதம் முடிகிறது, பயணச் செலவு யாருடையது, பி.எஃப். பிடிப்பார்களா என்று கேட்டே ஆக வேண்டும். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

இப்போதே அவள் தொடங்க வேண்டியது வேறு. கட்டணம் கட்டும் சான்றிதழ் வகுப்பு எதிலும் சேர்க்காதீர்கள். உங்கள் ஊர்க் கண்மாய் ஒன்றை எடுத்துக்கொண்டு 52 வாரம், வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று குறைந்தது 15 நிமிடம் பறவைகளை எண்ணி எழுதட்டும். ஒன்றும் இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். அதை விட்டால் பதிவே கெட்டுப்போகும். காலையில் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்க்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பேனா வேண்டாம், பனியில் மை கலையும், பென்சில் போதும். தனியாக அனுப்பாதீர்கள், துணைக்கு ஒருவர் வேண்டும்.

இந்த ஓராண்டில் என்ன கிடைக்கும்? வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகுவது, தையில் நீர்ப்பறவைகள் கூடுவது, பங்குனியில் நீர் வற்றிச் சேற்றில் உள்ளான்கள் மேய்வது, கோடையில் ஆடுமாடு இறங்குவது. பிறகு பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவை. சீமைக்கருவேலக் கிளையில் இறக்கையை விரித்தபடி அது உட்கார்ந்திருக்கும். அதன் இறகுகளில் தண்ணீர் ஏறும். அதனால்தான் எளிதாக மூழ்கி மீனைக் குத்துகிறது, அதனால்தான் பிறகு காயவும் வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை “இது என்ன பறவை?” என்றால் பெயரைச் சொல்லி முடித்துவிடக் கூடாது. “ஏன் இறக்கையை விரித்திருக்கிறது?” என்று திருப்பிக் கேட்டால் பத்து நிமிடம் பேச்சு ஓடும். அடுத்து “அது உட்கார்ந்திருக்கும் மரத்தை வெட்டலாமா?” என்ற கேள்வி தானாக வரும். சீமைக்கருவேலம் கண்மாயை அடைக்கிறது, பறவை அதிலேயே கூடும் கட்டுகிறது. இந்தச் சிக்கலைப் பிள்ளைகள் முன் அவிழ்த்துக்காட்டுவதுதான் இந்தத் தொழில்.

ஆறு மாதம் கழிந்ததும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, 12 பிள்ளைகளோடு ஒரு காலை நடை போகட்டும். ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும். அறுபது பேரைக் கூட்டிப்போனால் அது சுற்றுலாவாகிவிடும். பதினோரு மணிக்குப் போனால் வெயில் மட்டுமே மிஞ்சும்.

இந்தத் துறையில் பல வேலைகள் விளம்பரத்தில் வருவதில்லை, தெரிந்தவர் வழியாகவே வரும். எனவே ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேரட்டும். சென்னையில் 1988 முதல் கடலாமை முட்டைகளைக் காத்துவரும் மாணவர் அமைப்பின் இரவு நடையில் ஒருமுறை கலந்துகொள்ளட்டும். கற்பிப்பவர்கள் வந்திருக்கும் மக்களை எப்படி வழிநடத்துகிறார்கள் என்பது அங்கே நேரில் தெரியும். உங்கள் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் வல்லூறும் நீர்ச்சுனையும் ஒரே குன்றில் இருப்பதால் வரலாறு, உயிரியல், நிலவியல் மூன்றையும் ஒரே நடையில் சொல்லலாம். 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஊரார் திரண்டதும் அந்தப் பாடத்தில் சேரும்.

விவசாயி என்று எழுதியிருக்கிறீர்கள். வரத்துக்கால் எங்கே ஆரம்பிக்கிறது, எந்த மடையில் எந்த வயல் பாயும், கலுங்கு தாண்டி வழியும் உபரிநீரான மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள் நோட்டின் முதல் பக்கத்தில் அதையெல்லாம் ஒரு வரைபடமாக நீங்களே போட்டுக்கொடுங்கள்.